பட்டங்களைக் கடந்த பெருமகன் சாமுண்டராயர்

கோவையிலிருந்து ஈரோட்டுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், பெருந்துறையை அடைவதற்கு முன்னர் விசயமங்கலம் என்னும் பழம்பதி உள்ளது. எட்டாம் தீர்த்தங்கரராகிய சந்திரப்பிரபருக்கு அங்கே அமைந்துள்ள திருக்கோயிலைச் சுற்றுவட்டாரத்து மக்கள் நெட்டைக் கோபுரம் என்று வழங்குவர். வெள்ளோடு, திங்களூர், பூந்துறை, சீனாபுரம் எனக் கொங்கு நாட்டில் அருகன் நெறி தழைத்திருந்த ஊர்களின் வரிசையில் விசயமங்கலத்துக்குத் தனியிடம் உண்டு. பெருங்கதை பாடிய கொங்குவேளிரின் ஊர் இதுவே என்று மரபு போற்றுகிறது. இக்கோயிலில் புள்ளப்பை என்னும் அம்மையாரின் நினைவாக நிசீதிகை ஒன்று உள்ளது. அம்மையார் சல்லேகனை நோன்பு ஏற்று அமைதியாக உயிர் நீத்தவர். அவர் சாமுண்டராயரின் தங்கை.

சிரவணபெளகொளாவில் ஏறத்தாழ 57 அடி உயரத்தில் நிற்கும் கோமடேசுவரரின் திருவுருவத்தை அமைத்தவர் என்ற அளவில் சாமுண்டராயரை நம் வீட்டுச் சிறுவரும் அறிவர். அவருடைய தங்கையின் நினைவுக்கல் நம் கொங்கு மண்ணில் இருப்பதை அறிந்தோர் சிலரே. கங்க மன்னர்களுக்கும் கொங்கு நாட்டுக்கும் இருந்த தொடர்பு நெடியது. அம்மன்னர் தம் பெயரோடு கொங்குணிவர்மன் என்னும் பட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சூடிக்கொண்டனர். அக்கங்கர் குலத்தின் அமைச்சராகவும் படைத்தலைவராகவும் விளங்கிய சாமுண்டராயரின் வரலாற்றை, ஒரு மனிதர் தம்மைத் தாம் அறிந்துகொண்டு, பழைய தம்மை மெல்ல மெல்லக் கழற்றி வைத்த வரலாறாகப் படித்தால் நமக்குப் பயன் மிகும்.

போர்க்களம் தந்த பெயர்கள்

பத்தாம் நூற்றாண்டின் பிற்பகுதி தென்னாட்டில் ஓயாத போர்க்காலம். இராட்டிரகூடப் பேரரசு தளர்ந்து, 973ஆம் ஆண்டில் மேலைச் சாளுக்கியரிடம் வீழ்ந்தது. இராட்டிரகூடருக்குத் துணைநின்ற கங்க நாடு நாற்புறமும் பகையால் சூழப்பட்டது. இரண்டாம் மாரசிம்மனுக்கும் அவனுக்குப்பின் நான்காம் இராசமல்லனுக்கும் பணிபுரிந்த சாமுண்டராயர், அந்தப் பகைகளையெல்லாம் தம் தோள்மேல் தாங்கினார்.

அவர் வென்ற களம் ஒவ்வொன்றும் அவருக்கு ஒரு பெயரைத் தந்தது. கேடகப் போரில் பெற்ற வெற்றியால் சமர துரந்தரன் ஆனார். நுளம்பரோடு கோனூர்ச் சமவெளியில் பொருது வீர மார்த்தாண்டன் ஆனார். உச்சங்கிக் கோட்டையில் காட்டிய ஆண்மை ரணரங்க சிங்கன் என்னும் பெயரைத் தந்தது. பாகேயூர்க் கோட்டை வெற்றிக்குப்பின் வைரிகுல காலதண்டன் எனப்பட்டார். பகைவர் குலத்துக்கு எமனின் கோல் போன்றவன் என்பது அதன் பொருள்.

இவற்றுள் ஒரு பெயர் நம் நெஞ்சை உறுத்துவது. சாமுண்டராயருக்கு நாகவர்மன் என்றொரு தம்பி இருந்தான். அவன் பகைவன் ஒருவனால் கொல்லப்பட்டான். அப்பகைவனைத் தேடிச் சென்று கொன்று பழிதீர்த்தமையால் சாமுண்டராயர் சமர பரசுராமன் என்று அழைக்கப்பட்டார். உலகம் அதை வீரம் என்று பாராட்டியது. ஒரு தமையனின் ஆறாத துயரம் ஒரு விருதாக மாறி, மெய்க்கீர்த்தி வாசிக்கப்படும்போதெல்லாம் அவர் செவியில் விழுந்துகொண்டிருந்தது.

மனிதர்க்கு இவ்வாறுதான் பெயர்கள் சேர்கின்றன. முதலில் நாம் செய்த செயலுக்கு ஒரு பெயர் கிடைக்கிறது. பிறகு அந்தப் பெயரே நாம் என்று எண்ணத் தலைப்படுகிறோம். உடலையும் உடலோடு ஒட்டியவற்றையும் தான் என்று கருதும் இந்நிலையை நம் ஆசாரியர்கள் பகிராத்மா என்பர். அதிலிருந்து திரும்பி, இவை என்னைச் சார்ந்தவை, நான் இவை அல்லேன் என்று உணரும் நிலை அந்தராத்மா. வினை முழுதும் நீங்கிய தூய நிலை பரமாத்மா. முதற்படியிலிருந்து இரண்டாம் படிக்கு ஏறுவதே கடினம். சாமுண்டராயரின் வாழ்க்கை அந்த ஏற்றத்தின் கதை.

மன்னன் காட்டிய வழி

மாரசிம்மன் தன் காலத்துப் பெருவீரருள் ஒருவன். நுளம்பர் குலத்துக்கு முடிவு கட்டியவன் என்னும் பொருள்பட நுளம்பகுலாந்தகன் என்று பட்டம் பெற்றவன். அவன் தன் ஆட்சியின் இறுதியில் அரசைத் துறந்தான். 974ஆம் ஆண்டளவில் பங்காபுரத்தில் அஜிதசேன ஆசாரியரின் திருவடியில் மூன்று நாள் நோன்பிருந்து சல்லேகனையால் உயிர் நீத்தான். அவன் நினைவாகச் சந்திரகிரியில் நாட்டப்பட்ட தூண் இன்றும் உள்ளது. அவன் முடிசூட்டி வைத்த இராட்டிரகூட இளவல் நான்காம் இந்திரனும், நாட்டை மீட்கும் முயற்சிகள் கைகூடாத நிலையில், 982ஆம் ஆண்டு சிரவணபெளகொளாவில் அதே நோன்பை மேற்கொண்டான்.

தாம் யாருக்காக வாள் ஏந்தினாரோ அந்த மன்னனே வாளையும் முடியையும் வைத்துவிட்டுச் சென்றதைச் சாமுண்டராயர் கண்டார். அஜிதசேனர் அவருக்கும் ஆசாரியர். ஆயினும் அவர் உடனே துறவு கொள்ளவில்லை. இளைய மன்னன் இராசமல்லனின் நாட்டைக் காக்கும் பொறுப்பு அவர்மேல் இருந்தது. வயது முதிர்ந்த தாய் காளலா தேவியார் இருந்தார். அவர் இல்லறத்தாராகவே நின்றார்.

இங்கே நாம் கருத வேண்டியது ஒன்று உண்டு. பழைய வாழ்க்கையை விட்டு நீங்குதல் என்றவுடன் வீட்டையும் ஊரையும் விட்டு ஓடுவதே நம் நினைவுக்கு வருகிறது. சாமுண்டராயர் அமைச்சராக இருந்துகொண்டே, இல்லறத்தாராக இருந்துகொண்டே உள்ளுக்குள் வேறொருவரானார். அவர் இருந்த இடம் மாறவில்லை.

தன் படியைத் தான் அறிதல்

அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி. கோமடன் என்பது சாமுண்டராயருக்கு வழங்கிய மற்றொரு பெயர். அம்மாணாக்கர் பொருட்டு ஆசிரியர் பிராகிருத மொழியில் தொகுத்தருளிய நூல் கோமடசாரம். அது சீவ காண்டம், கரும காண்டம் என இரு பகுதிகளை உடையது. படைத்தலைவர் ஒருவருக்காக எழுதப்பட்ட அந்நூலில் படை இல்லை, வெற்றி இல்லை, அரசரும் இல்லை. உயிர் எத்தகையது, வினை அதனை எவ்வாறு பற்றுகிறது, எவ்வாறு விடுகிறது என்பதே அதன் பேச்சு.

சீவ காண்டம் உயிரின் வளர்ச்சியைப் பதினான்கு குணத்தானங்களாக, அதாவது பதினான்கு படிகளாக, வகுத்துரைக்கிறது. நான்காம் படியில் நிற்பவருக்கு நற்காட்சி வாய்த்துவிட்டது. விரதங்கள் இன்னும் கைவரவில்லை. ஐந்தாம் படியில் நிற்பவர் இல்லறத்தார்க்குரிய விரதங்களை ஏற்றவர். ஆறாம் படி முதல் துறவியர்க்குரியது. இவ்வமைப்பின் பயன் யாதெனில், ஒருவர் தாம் நிற்கும் படியை மறைக்காமல் அறிந்துகொள்ளலாம். ஐந்தாம் படியில் நிற்பவர் ஆறாம் படியில் நிற்பதாக நடிக்க வேண்டியதில்லை. நான்காம் படியில் நிற்கிறோமே என்று சோர்ந்து அமரவும் வேண்டியதில்லை. நின்ற இடம் தெரிந்தால்தான் அடுத்த அடியை எங்கே வைப்பது என்று தெரியும். தன்னைத் தான் உள்ளபடி ஏற்றல் என்பதற்கு நம் சமயம் தரும் பொருள் இதுவே.

கொலையைப் பற்றியும் நம் அறநூல்கள் இவ்வாறே உள்ளபடி பேசுகின்றன. இம்சையை நான்காகப் பிரிப்பர். வேண்டுமென்றே செய்வது சங்கல்பி. சமையல் முதலிய வீட்டுப் பணிகளில் நேர்வது ஆரம்பி. தொழிலில் நேர்வது உத்தியோகி. தன்னையும் தன் நாட்டையும் காக்க எதிர்த்து நிற்கையில் நேர்வது விரோதி. இல்லறத்தார் முதலாவதை முற்றும் விலக்க வேண்டும். மற்றவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். படைத்தலைவர் ஒருவர் சாவகராக வாழ இந்நெறி இடம் தந்தது. இடம் தந்ததனால் வினை இல்லை என்று அது சொல்லிவிடவில்லை. தம் களங்களுள் எது நாட்டைக் காத்தது, எது சினத்துக்கு இரையானது என்று எண்ணிப் பார்க்கும் கடமையை அது அவரிடமே விட்டது.

978ஆம் ஆண்டில் சாமுண்டராயர் ஒரு நூல் எழுதி முடித்தார். அறுபத்து மூவர் சலாகா புருஷர்களின் வரலாற்றைக் கன்னட உரைநடையில் கூறும் அந்நூல் சாமுண்டராய புராணம் என வழங்கும். நம் தமிழில் ஸ்ரீபுராணம் எவ்விடத்தைப் பெற்றுள்ளதோ அவ்விடத்தைக் கன்னட நாட்டில் அது பெற்றுள்ளது. வடமொழியில் சாரித்திரசாரம் என்னும் ஒழுக்க நூலையும் அவர் இயற்றினார். கவிஞர் ரன்னருக்கு ஆதரவு அளித்து வளர்த்தார். வாள் பிடித்த கை எழுத்தாணி பிடித்தது.

தம் போர் வெற்றிகளையும் அவற்றால் வந்த விருதுகளையும் அவர் தம் புராணத்தில் மறைக்கவில்லை. அவற்றோடு வேறு சில பெயர்களும் சேர்ந்து நிற்கின்றன. நற்காட்சிக்குக் கடல் போன்றவர் என்னும் பொருளில் சம்யக்துவ ரத்னாகரன். தூய்மையே அணியாக உடையவர் என்பதால் சௌசாபரணன். குணங்களாகிய மணிகளை அணிந்தவர் என்பதால் குணரத்ன பூஷணன். விளையாட்டுக்கேனும் பொய் கூறாதவர் என்பதால் சத்திய யுதிஷ்டிரன். முன்னைய பெயர்களைப் பெறப் பகைவர் வேண்டும். பின்னைய பெயர்களைப் பெறப் பகைவர் எவரும் வேண்டியதில்லை. ஒருவர் தம்மோடு தாம் நடத்தும் போராட்டமே போதும். இருவகைப் பெயர்களும் அருகருகே இருப்பதுதான் அவ்வரலாற்றின் நேர்மை. நேற்றைய தம்மை ஒளிக்காதவரே அதனைக் கடக்கவும் இயலும்.

ஆலோசனை, பிரதிக்கிரமணம், பிரத்தியாக்கியானம் என்று நாம் நாள்தோறும் சொல்லும் மூன்றின் வரிசையும் இதையே காட்டும். குறையை உள்ளபடி எடுத்துரைத்தல் முதலாவது. அதிலிருந்து மனம் மீளுதல் இரண்டாவது. இனிச் செய்யேன் என்று விடுதல் மூன்றாவது. முதலாவது இல்லாமல் மூன்றாவது நிலைக்காது.

கல்லில் எழுந்த தம்பி

கோமடேசுவரர் திருவுருவம் தோன்றிய வரலாற்றை மரபு இவ்வாறு கூறும். போதனபுரத்தில் பரதச் சக்கரவர்த்தி அமைத்த பாகுபலியின் பொன்னுருவைக் காண வேண்டும் என்று காளலா தேவியார் விரும்பினார். காணும்வரை பால் அருந்துவதில்லை என்று நோன்பு பூண்டார். தாயை அழைத்துக்கொண்டு சாமுண்டராயர் புறப்பட்டார். வழியில் சிரவணபெளகொளாவில் தங்கியபோது, போதனபுரம் செல்லல் இயலாது, இங்கேயே பாகுபலி காட்சியளிப்பார் என்று கூட்மாண்டினி இயக்கி கனவில் உணர்த்தினாள். மறுநாள் சிறிய மலையாகிய சந்திரகிரியில் நின்று சாமுண்டராயர் எதிரேயிருந்த பெரிய மலை நோக்கி ஓர் அம்பு விடுத்தார். அம்பு பட்ட பாறையில் பெருமானின் திருமுகம் தோன்றிற்று. எத்தனையோ களங்களில் உயிர் பறித்த வில், இம்முறை ஒரு தாயின் நோன்பை நிறைவேற்ற வளைந்தது என்பதே இக்கதையின் நயம்.

981ஆம் ஆண்டளவில் திருவுருவம் நிலைபெற்றது. தீர்த்தங்கரர் இருபத்து நால்வர் இருக்க, தம் வாழ்நாளின் பெரும்பணிக்குச் சாமுண்டராயர் பாகுபலியைத் தேர்ந்தமை நம் சிந்தனைக்குரியது. பாகுபலியும் ஒரு தம்பி. நாட்டுக்காகத் தமையன் பரதனோடு பொருதவர். பார்வைப் போரிலும் நீர்ப் போரிலும் மற்போரிலும் வென்றவர். வென்ற அக்கணத்தில், தமையனைத் தோற்கடித்துப் பெறும் நாடு எதற்கு என்று தெளிந்து, அனைத்தையும் அவனிடமே விட்டுத் தவத்துக்குச் சென்றவர். புற்று எழுந்து, பாம்பு ஊர்ந்து, மாதவிக் கொடி தோளில் படர்ந்தும் அசையாமல் ஓராண்டு நின்றவர்.

அவ்வளவு தவம் செய்தும் கேவலஞானம் உடனே வாய்க்கவில்லை. தம்மால் தமையனுக்கு வருத்தம் நேர்ந்ததே என்னும் எண்ணம் முள்ளாக உள்ளே தங்கியிருந்தது என்று ஆதிபுராணம் கூறும். பரதன் வந்து வணங்கியபோது அம்முள் நீங்கிற்று, ஞானம் ஒளிர்ந்தது. செய்த செயலுக்கு இரங்குவதும் நல்லதே. ஆனால் அந்த இரக்கத்தையே பற்றிக்கொண்டு நிற்பதும் ஒரு பற்றாகிவிடும். அதனையும் விட்டபோதுதான் பாகுபலி விடுதலை பெற்றார்.

தம்பி ஒருவனை இழந்து, அதற்குப் பழிவாங்கி, அப்பழிக்கே ஒரு பட்டம் பெற்றவர் சாமுண்டராயர். தமையனைக் கொல்லும் வலிமை இருந்தும் கொல்லாது விட்ட தம்பியை அவர் மலையளவு உயர்த்தி நிறுத்தினார். இவ்விரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போர்க்கு, அவர் எந்தப் பெயரிலிருந்து எந்தத் திசை நோக்கி நடந்தார் என்பது விளங்கும்.

கத்தரிக்காய்க் கூட்டில் வந்த பால்

எல்லாவற்றையும் விட்ட பிறகும் ஒன்று எஞ்சுகிறது. விட்டவன் நான் என்னும் எண்ணமே அது. நான்கு கஷாயங்களுள் சினத்தைக் காண்பது எளிது. மானம் என்னும் செருக்கைக் காண்பது அரிது. நற்செயல் என்னும் போர்வைக்குள் அது ஒளிந்திருக்கும்.

முதல் அபிஷேகத்தின்போது, இதனை அமைத்தவன் நான் என்னும் பெருமிதம் சாமுண்டராயரின் உள்ளத்தில் எழுந்ததாம். குடங்குடமாகப் பாலும் தயிரும் சொரிந்தும் அவை திருவுருவின் இடைக்குக் கீழே இறங்கவில்லை. அப்போது ஏழை மூதாட்டி ஒருத்தி, குல்லகாய் என்னும் சிறு கத்தரி வகைக் காயின் கூட்டில் சிறிது பால் கொண்டுவந்தாள். பலரும் எள்ளி நகைத்தனர். அவள் வார்த்த அச்சிறு பால் திருமுடி முதல் திருவடி வரை நனைத்துப் பெருகி மலையிலிருந்து வழிந்தது. சாமுண்டராயர் தம் செருக்கை உணர்ந்து தலைகுனிந்தார். இயக்கியே அவ்வடிவில் வந்தாள் என்று மரபு கூறும். குல்லகாயஜ்ஜி என வழங்கும் அம்மூதாட்டியின் சிலை இன்றும் பெருமானை நோக்கிக் கையில் காயுடன் நிற்கிறது.

இது கதைதான். ஆயினும் தன் கொடையாளரின் செருக்கை மறைக்காமல், அச்செருக்கு அடங்கிய கதையையே அச்சமூகம் காலந்தோறும் சொல்லி வருவது எண்ணத்தக்கது. பெருமானின் திருவடி அருகே, இதனைச் செய்வித்தவர் சாமுண்டராயர் என்னும் செய்தி கன்னடத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. கருநாட்டு மலையுச்சியில் தமிழ் எழுத்தைக் காண்கையில் நமக்கு உவகை பொங்கும். அங்கே பெயர் பொறித்தவரின் எதிரிலேயே பெயர் இல்லாத கிழவி நிற்கிறாள் என்பதையும் நாம் உடன் காண வேண்டும்.

பெயர் அழிந்தது, பெருமை நின்றது

அதே மலையில் தியாகதூண் என்னும் அழகிய தூண் ஒன்று உள்ளது. அதன் நான்கு புறமும் சாமுண்டராயரின் வீரச் செயல்கள் பொறிக்கப்பட்டிருந்தன. 1200ஆம் ஆண்டளவில் வேறொருவர் தம் சிறு செய்தியைப் பொறிப்பதற்காக மூன்று புறத்து எழுத்துகளையும் அழித்துவிட்டார். ஒரு புறம் மட்டுமே எஞ்சியது. இருநூறு ஆண்டுகளில் போர்க்களப் பெயர்களின் கதி அதுவாயிற்று. 1004ஆம் ஆண்டளவில் சோழர் தலைக்காட்டைக் கைப்பற்ற, அவர் காத்த கங்க அரசும் மறைந்தது. அவர் விட்டுக்கொடுத்தலின் வடிவமாக நிறுத்திய திருவுருவம் மட்டும் ஆயிரம் ஆண்டு கடந்தும் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மகாமஸ்தகாபிஷேகம் காண உலகமே திரள்கிறது.

அவர் மகன் ஜினதேவனும் தந்தையின் வழியில் நின்றான். சந்திரகிரியில் தந்தையின் பெயரால் விளங்கும் ஜினாலயத்தின் மேல்தளத்தில் பார்சுவநாதரை எழுந்தருளச் செய்தான். தங்கை புள்ளப்பையோ நம் விசயமங்கலத்தில், எந்தப் பட்டமும் இன்றி, உடலையும் மனத்தையும் மெலிவித்துச் சென்றாள்.

நம் குடும்பங்களில் பலவும் பிழைப்பின் பொருட்டு வந்தவாசி, ஆரணி, திண்டிவனப் பகுதிகளை விட்டுக் கோவைக்கும் திருப்பூருக்கும் வந்து வேர்கொண்டவை. வந்த இடத்தில் அதிகாரி, பொறியாளர், ஆசிரியர், வணிகர் என்று பெயர் பெற்றோம். பணி ஓய்வு நாளன்று அப்பெயர்களில் பாதி போய்விடும். பிள்ளைகள் தொழிலை ஏற்கும் நாளில் மீதியும் போகும். அன்றைக்கு நான் யார் என்னும் வினா வீட்டுத் திண்ணையில் வந்து அமரும். அந்நாளுக்கு அஞ்சி, பழைய பதவியின் பெருமையையே பேசிப் பொழுது கழிப்போரும் உண்டு. செய்த பிழைகளையே எண்ணி மறுகுவோரும் உண்டு. இரண்டும் பழைய பெயரை விடாத நிலைகளே. செய்தவற்றைச் செய்தவை என்று ஒப்புக்கொண்டு, நிற்கும் படியை அறிந்து, அடுத்த படிக்குக் கால் எடுத்து வைப்பதே சாமுண்டராயர் நடந்து காட்டிய வழி. அதற்கு ஓய்வு பெறும் வயது வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

சிரவணபெளகொளா செல்ல வசதி வாய்க்காதோர் விசயமங்கலத்துக்கேனும் ஒருநாள் பிள்ளைகளையும் பேரர்களையும் அழைத்துச் செல்லலாம். சந்திரப்பிரபரை வணங்கிய பின் புள்ளப்பையாரின் நிசீதிகை முன் சிறிது நேரம் அமைதியாக நின்று, அவர் தமையனின் வரலாற்றை அங்கேயே அவர்களுக்கு எடுத்துரைக்கலாம். போர்க்களப் பெயர்களையும் விடாமல் சொல்லுங்கள். அவற்றையும் கேட்டால்தான், எவ்வளவு தொலைவு அவர் நடந்தார் என்பது குழந்தைகளுக்குப் புரியும்.